இரண்டு நொடி தூரம்

எனக்கு அம்பத்தூரில் வேலை, பூந்தமல்லியில் வீடு. பல வருடங்களாக மாலை ஆறரை மணிவாக்கில் சென்னை புறவழிச்சாலையில் ஏறி, அத்திப்பட்டு, அயனம்பாக்கம் தாண்டி, வானகரம் பக்கம் திரும்பி வீடு போய்ச் சேர்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒரே கதை நடக்கும். வண்டிகள் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அடுத்தது, அதற்கடுத்தது என்று பின்விளக்குகள் வரிசையாக எரிந்தபடி என்னை நோக்கி ஓடி வரும். எல்லோரும் நிற்போம், ஊர்வோம், மறுபடி நிற்போம். முன்னால் யாராவது அடிபட்டுக் கிடக்கிறார்களோ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் கழித்துப் பாதை தானாகத் திறந்துவிடும். நின்ற லாரி, நொறுங்கிய கண்ணாடி, போலீஸ் தடுப்பு, குறுக்கே வந்த மாடு என்று எதுவும் கண்ணில் படாது. பிறகு எதற்காக நின்றோம்?

பெருங்களத்தூரையும் புழலையும் இணைக்கும் இந்த 32 கிலோமீட்டர் சாலை, திருச்சி, பெங்களூரு, திருவள்ளூர், கொல்கத்தா ஆகிய நான்கு திசை நெடுஞ்சாலைகளைக் கோத்துக்கொண்டு போகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலிருந்து துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் பைக்குகள், வாரக் கடைசியில் ஊருக்குக் கிளம்பும் குடும்பங்கள் என எல்லாம் ஒரே தார் மேல் ஓடுகின்றன. இவ்வளவு வண்டிகள் இருந்தால் நெரிசல் வரத்தானே செய்யும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் விடப்படாத இடமும் காரணம்.

இதைத் திறந்த வெளியில் செய்து காட்டியவர் ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமா. அவருடைய குழு 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை விட்டது. சிக்னல், மேடு, தடம் மாறுவது எதுவுமே இல்லை. எல்லோரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் சுற்றி வாருங்கள் என்பது மட்டுமே கட்டளை. கொஞ்ச நேரம் அழகாகச் சுற்றின. பிறகு யாரோ ஒருவர் லேசாக வேகம் குறைக்க, அந்தத் தளர்ச்சி பின்னால் பரவிப் பெருகி, சில கார்கள் முழுவதுமாக நின்றே விட்டன. நின்ற கூட்டம் கார்கள் போகும் திசைக்கு எதிராக மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. 2008இல் இந்தச் சோதனை வெளியானது. வட்டத்தைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். ஒரு காருக்குப் பத்தரை மீட்டர் கிடைக்கிறது. அதில் காரின் நீளத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஆறு மீட்டர் சொச்சம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த தூரத்தைக் கடக்க முக்கால் நொடி போதும்.

பின்னோக்கி ஓடும் இந்த அலைதான் என்னை அத்திப்பட்டில் நிறுத்துகிறது. அலையின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் கால் மணி நேரத்தில் அது ஐந்து கிலோமீட்டர் பின்னால் வந்துவிடும். வானகரம் பக்கம் ஒருவர் பக்கத்துத் தடத்துக்குக் கட் அடித்திருப்பார். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவர் சடன் பிரேக் போட்டிருப்பார். இருவரும் வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர்கள் விட்டுப்போன பிரேக் இன்னும் சாலையில் பயணம் செய்து என்னை வந்து தொடும். இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

இந்த அலைகளின் கணிதத்தை எழுதியவர்களில் ஒருவரின் கதை அதைவிட வியப்பானது. 1948இல் ரால்ஃப் ஆல்ஃபர், ராபர்ட் ஹெர்மன் என்ற இரு இளம் இயற்பியலாளர்கள், பிரபஞ்சம் பிறந்த வெடிப்பின் மிச்ச வெப்பம் இன்றும் வானமெங்கும் இருக்க வேண்டும், அது சுமார் 5 கெல்வின் அளவில் இருக்கும் என்று கணித்தார்கள். பதினேழு வருடம் கழித்து அந்தக் கதிர்வீச்சு உண்மையிலேயே கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதற்குள் ஹெர்மன் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேறொரு கேள்வியைக் கையில் எடுத்திருந்தார். ஒரு காருக்குப் பின்னால் போகிறவர் என்ன செய்கிறார்?

அவரும் கூட்டாளிகளும் இரண்டு கார்களை ஒரு கம்பியால் இணைத்து ஓடவிட்டார்கள். கம்பி வெளியே வருவதையும் உள்ளே சுருள்வதையும் வைத்து இடைவெளி எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். பின்னால் ஓட்டுகிறவர் முன்னவரின் வேகத்தோடு தன் வேகத்துக்கு உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் காலை அசைக்கிறார், அதுவும் ஒரு நொடிக்கு மேல் தாமதமாகத்தான் அசைக்கிறார் என்பது தெரிந்தது. தாமதம் அதிகமாக இருந்து, அதை ஈடுகட்ட அவர் பதறி அழுத்தவும் செய்தால், ஆட்டம் ஒவ்வொரு வண்டியிலும் கூடிக்கொண்டே போகும். முதல் வண்டி பத்து கிலோமீட்டர் வேகம் குறைத்தால் இரண்டாவது பதினைந்து குறைக்கும், மூன்றாவது இருபத்தைந்து குறைக்கும், பத்தாவது வண்டி நின்றே போகும். தாமதத்தை நாம் ஒழிக்க முடியாது, அது நரம்பிலும் தசையிலும் இருக்கிறது. பதற்றத்தைக் குறைக்கலாம். அதற்கு முன்னால் இடம் வேண்டும்.

நொடி என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். விரலை நொடிப்பதிலிருந்து வந்த சொல் அது. எழுத்து ஒலிக்கும் மாத்திரை அளவை வரையறுக்க வந்த தொல்காப்பியர் கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். கடிகாரத்தின் ஒரு நொடி அதைவிட நீளம்தான். ஆனாலும் உடம்பை வைத்தே நேரத்தை அளக்கும் அந்தப் பார்வை ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு மிகவும் தேவை. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. இமை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் ஆறு, ஏழு மீட்டர் போய்விடுகிறது. செல்போனில் வந்த பெயரைப் பார்க்க இரண்டு நொடி குனிந்தால், 44 மீட்டர் சாலையை நாம் பார்க்காமலே கடந்திருப்போம்.

முன் வண்டியின் பிரேக் விளக்கு எரிகிறது. ஒளி கண்ணுக்கு வருகிறது, மூளை அதைப் பிரேக் என்று அடையாளம் காண்கிறது, காலுக்குச் சேதி போகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழுந்து நகர்ந்து பிரேக்கை மிதிக்கிறது. எதிர்பாராத நேரத்தில் இது நடந்து முடிய ஒன்று முதல் ஒன்றரை நொடி ஆகும். களைத்திருந்தால் இன்னும் கூடும். நெடுஞ்சாலைகளை வடிவமைக்கும்போது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கு 2.5 நொடி ஒதுக்குகிறது. வளைவுக்கு அப்பால் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளர், அதை ஓட்டுபவர்களில் சற்று மெதுவானவரை நினைத்தே கணக்கிடுகிறார்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை நொடி என்றால் 33 மீட்டர். அதுவரை பிரேக்கே பிடிக்கவில்லை. பிடித்த பிறகு, நல்ல டயரும் காய்ந்த தாரும் இருந்தால் இன்னும் 36 மீட்டர் ஓடித்தான் கார் நிற்கும். மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். ஈரத் தாரில் பிடிமானம் குறைந்தால் அதுவே நூறு மீட்டரைத் தொடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஓட்டும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

நிற்க எழுபது மீட்டர் வேண்டுமென்றால் இரண்டு நொடி, அதாவது 44 மீட்டர் எப்படிப் போதும் என்று கேட்கலாம். முன் வண்டியும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை, அதுவும் பிரேக் பிடித்து ஓடித்தான் நிற்கும். இரண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி பிரேக் இருந்தால் பின்னவர் இழப்பது அவருடைய தாமதத்தை மட்டுமே. 44இல் 33 போனால் 11 மீட்டர் மிச்சம் இருக்கும். இரண்டு நொடி விதியின் அடிப்படை அவ்வளவுதான். பிரிட்டனின் சாலை விதிநூல் காய்ந்த சாலையில் குறைந்தது இரண்டு நொடி, ஈரச் சாலையில் குறைந்தது அதைப்போல் இரு மடங்கு என்கிறது. ஜெர்மனியில் வேகமானியில் காட்டும் எண்ணில் பாதியை மீட்டராக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நூறில் போனால் ஐம்பது மீட்டர். இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியைத்தான் தருகின்றன.

ஆனால் நம் சாலையில் இரண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி பிரேக் இருப்பதில்லை. இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு லாரி டிரைவர்.

நசரத்பேட்டையை ஒட்டிய ஒரு டீக்கடை. ராத்திரி பத்து மணி. நாமக்கல் வண்டி, முழு லோடு. டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு எப்படியோ பிரேக்குக்கு வந்தது. "கார்காரங்க நம்ம முன்னாடி கேப்பைப் பார்த்ததும் நுழைஞ்சிடறாங்க சார். அது காலி இடம் இல்ல. அது என் பிரேக்கு. நான் மிதிச்சா காத்து போய்ச் சேரணும், அப்புறம்தான் சக்கரம் பிடிக்கும்" என்றார். "அவ்வளவு நேரமா ஆகும் அண்ணே?" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி லாரியின் முன்பக்கத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இம்மாந்தூரம் போவணும் சார்."

அவர் சொன்னது பொறியியல்படி அப்படியே உண்மை. காரில் பிரேக்கை மிதித்தால் குழாயில் இருக்கும் எண்ணெய் அழுத்தத்தை உடனே சக்கரத்துக்குக் கடத்திவிடுகிறது. திரவம் அமுங்காது. லாரியிலும் பஸ்ஸிலும் அந்த வேலையைக் காற்று செய்கிறது. என்ஜினோடு ஓடும் கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்த்து வைக்கும். பெடலை மிதித்தால் ஒரு வால்வு திறக்கும். காற்று குழாய் வழியாக ஓடி, சக்கரத்தருகே உள்ள கலத்தை நிரப்பி, அங்குள்ள சவ்வைத் தள்ளி, அதன் பிறகே பிரேக் ஷூ டிரம்மைத் தொடும். காற்று அமுங்கக்கூடியது என்பதால் அழுத்தம் ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அரை நொடி என்று வைத்துக்கொண்டாலும் 60 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு மீட்டர் போய்விடும். சிக்னலில் பஸ் கிளம்பும்போது "புஸ்" என்று கேட்கிறதே, அது வேலை முடித்த காற்று வெளியேறும் சத்தம். காற்றுத் தொட்டி ஓட்டையானால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். காற்று இல்லாமல் போனால் ஒரு கனமான ஸ்பிரிங் விரிந்து தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும். எண்ணி வியக்கத் தக்க ஏற்பாடு.

இதெல்லாம் நமக்கு எங்கோ நடக்கும் விஷயமில்லை. அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே பாடி இருக்கிறது. 1960களின் தொடக்கத்திலிருந்து பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் வீல்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்ஸும் அங்கே வரிசையாக எழுந்தன. காருக்கான எண்ணெய் பிரேக், லாரிக்கான காற்று பிரேக், பிரேக் லைனிங், சக்கரம் என்று ஒரு வண்டி ஓடவும் நிற்கவும் வேண்டிய பாகங்கள் இந்த ஒரு வட்டாரத்திலிருந்து நாடு முழுவதும் போயின. சுந்தரம் கிளேட்டன் 1998இல் ஜப்பானின் டெமிங் தரப் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அது. அந்தப் பரிசு பாடிக்கு வந்த செய்தியை இந்தப் பகுதிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நாடு முழுவதையும் நிறுத்தக் கற்றுக்கொடுத்த ஊர் நம்முடையது. அதே ஊர்க்காரர்கள் பாடி மேம்பாலத்தில் முன் வண்டியின் பம்பரை உரசிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

பிரேக் செய்யும் வேலையை ஒரு டீ கணக்கில் சொல்கிறேன். 1,200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அடுப்பில் வைத்தால் சில நிமிடங்கள் ஆகும். அவசர பிரேக் அடிக்கும்போது டிஸ்க்கும் பேடும் அதை மூன்றே நொடியில் வெப்பமாக்கி வெளியே தள்ளுகின்றன. 25 டன் லாரிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே பத்து லிட்டருக்கும் மேல் கொதிக்க வைக்கும் ஆற்றல் உண்டு. அந்த லாரிக்கு முன்னால் இருக்கும் இடத்தில் கட் அடித்து நுழைந்து பிரேக் போடும் காருக்குப் பின்னால் இவ்வளவும் வந்துகொண்டிருக்கிறது.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அது மறைக்கும் அகலம் சுமார் 2 டிகிரி. இரண்டரை மீட்டர் அகலமுள்ள லாரியின் பின்புறம் 100 மீட்டர் தொலைவில் ஒன்றரை டிகிரிக்கும் குறைவு, அதாவது கட்டைவிரலுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும்போது 100 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு வர இரண்டேகால் நொடி ஆகும். அந்த நேரத்தில் லாரியின் உருவம் வளர்வது ஒன்றரை டிகிரி அளவுதான். அடுத்த ஒரே நொடியில் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் வளரும். அதற்கடுத்த ஒரு நொடி சொச்சத்தில் கண்ணாடி முழுவதும் லாரிதான். எடின்பரோவின் உளவியலாளர் டேவிட் லீ 1976இல் இதைத் தெளிவாக எழுதினார். கண்ணில் விழும் உருவத்தின் அளவை அது வளரும் வேகத்தால் வகுத்தால் மோதலுக்கு எத்தனை நொடி இருக்கிறது என்பது கிடைத்துவிடும், தூரமும் வேகமும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்றார். பந்து பிடிக்கும் குழந்தை இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. ஆனால் தூரத்தில் உருவம் மிக மெதுவாக வளர்வதால் இந்தக் கணக்கு பிந்தியே தொடங்குகிறது. ராத்திரியில் ஓரமாக விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதியவர்கள் "திடீர்னு முன்னாடி வந்துருச்சு" என்று சொல்வது பொய்யல்ல. அவர்கள் கண் அப்படித்தான் பார்த்தது.

2022இல் நாட்டில் நடந்த சாலை விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பின்னாலிருந்து மோதியவை. அந்த ஆண்டு மிக அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

இனி, நான் இடைவெளி பற்றிப் பேசும்போதெல்லாம் வரும் பதிலுக்கு வருகிறேன். "சார், நீங்க இடம் விட்டா ஒரு பைக் நுழையும், அப்புறம் ஒரு ஆட்டோ, அப்புறம் ஒரு கார். நீங்க பின்னாலேயே போய்க்கிட்டு இருப்பீங்க." நியாயமான பேச்சு. சி.டி.எச். சாலையில் ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை ஒருமுறை போய் வந்தவர்களுக்கு இது தெரியும். நம் சாலை ஜெர்மானியச் சாலை இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் போக்குவரத்துப் பொறியியல் பேராசிரியராக இருந்த தமிழரசன் போன்றவர்கள் இந்தக் கலப்புப் போக்குவரத்தைத் தனியாகவே ஆராய வேண்டியிருந்தது. தடம் பார்த்து ஒருவர் பின் ஒருவராகப் போகும் நாடுகளின் சூத்திரங்கள் இங்கே பொருந்தவில்லை. இங்கே பைக் காரின் பின்னால் நேராக வருவதில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி வரும். இடைவெளி முன்னால் மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் இருக்கிறது.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டி நம் முன்னால் நுழைகிறது. நாம் காலைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இரண்டு நொடி இடைவெளியை உண்டாக்கிக்கொள்கிறோம். நாம் இழந்தது இரண்டு நொடி. இருபது கிலோமீட்டர் பயணத்தில் பத்துப் பேர் நுழைந்தால் இருபது நொடி, முப்பது பேர் நுழைந்தால் ஒரு நிமிடம். நானே ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன். புறவழிச்சாலையில் அம்பத்தூரிலிருந்து வானகரம் வரைக்கும் மிக மோசமான நாளில் பதினான்கு வண்டிகள் நுழைந்தன. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம்தான் தாமதம். என்னை உண்மையிலேயே தாமதப்படுத்தியது டோல்கேட்டும், மெட்ரோ வேலையும், நான் மேலே சொன்ன பின்னோக்கி வரும் அலையும்தான்.

அந்த அலையை உடைக்கும் சக்தியும் இதே இடைவெளிக்கு உண்டு. முன்னவர் லேசாகப் பிரேக் தொடுகிறார். நமக்கு முன்னால் இரண்டு மூன்று நொடி இருக்கிறது. நாம் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு உருண்டுகொண்டே இருக்கிறோம். நம் பின்விளக்கு எரியவே இல்லை. பின்னால் வருபவருக்கு என்ன நடந்ததென்றே தெரியாது. அலை நம்மோடு செத்துப்போகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் சுகியாமாவின் வட்டச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். சுமார் இருபது கார்களில் ஒரே ஒரு காரை மட்டும் கணினி ஓட்டியது. அந்த ஒரு கார் நிதானமாக இடைவெளி விட்டுச் சீராக ஓடியதும் மொத்த வட்டத்தின் நிற்பதும் கிளம்புவதும் அடங்கிவிட்டது. எல்லாக் கார்களும் சேர்ந்து குடித்த பெட்ரோலும் வெகுவாகக் குறைந்தது. கணினி செய்ததைப் பொறுமையுள்ள ஒரு மனிதரும் செய்யலாம். இருபது பேரில் ஒருவர் போதும் என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆறுதல்.

எறும்புகள் இதை நமக்கு முன்பே கற்றுக்கொண்டிருக்கின்றன. கான்பூர் ஐ.ஐ.டி.யின் தேபாசிஷ் சௌத்ரியும் ஜெர்மனி, ஜப்பான் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, நம் நாட்டில் சாரை சாரையாகப் போகும் ஒருவகை எறும்பின் பாதையைப் படம்பிடித்து ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். சாரையில் கூட்டம் எவ்வளவு கூடினாலும் எறும்புகளின் வேகம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நம் சாலையில் கூட்டம் கூடினால் வேகம் விழும், அங்கே விழவில்லை, நெரிசலும் வரவில்லை. எறும்புகள் ஒன்றையொன்று முந்தவில்லை. சிறு கூட்டங்களாகச் சேர்ந்து ஒரே வேகத்தில் போயின. எல்லா எறும்புக்கும் ஒரே கூடு, ஒரே வேலை. நமக்கு ஆளுக்கொரு வீடு இருக்கிறது, ஆனால் பாதை ஒன்றுதான்.

மரியாதையாக ஓட்டுவது என்பதை நல்ல குணம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது முன்கூட்டிச் சேதி சொல்வதும்கூட. கோயம்புத்தூரில் 2017 ஜனவரி 7ஆம் தேதி ஒரு பொறியியல் மாணவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் சட்டென்று நின்றது. காரை ஓட்டியவரின் கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல். பைக் காரின் பின்னால் மோதியது. கீழே விழுந்த மாணவர் மேல் பின்னால் வந்த பஸ் ஏறியது. அவருடைய இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலை 29ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நெடுஞ்சாலையில் வண்டிகள் வேகமாகத்தான் வரும், நிறுத்த நினைப்பவர் பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கையோ சிக்னலோ கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றது நீதிமன்றம். காருக்கு 50 சதவீதப் பொறுப்பு, பஸ்ஸுக்கு 30, போதுமான இடைவெளி விடாத மாணவருக்கு 20. அந்தக் கணவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மனைவி வாய்பொத்திக்கொண்டு தவிக்கும்போது யாருக்கும் கால் பிரேக்குக்குத்தான் போகும். இண்டிகேட்டரைத் தட்டி, நான்கு விளக்கையும் போட்டு, ஓரத்துக்கு ஒதுங்க அவருக்குத் தேவைப்பட்டது நாலைந்து நொடி. பைக்குக்குத் தேவைப்பட்டது இரண்டு நொடி.

2018இல் இன்னொரு வழக்கில், லாரிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடியில் வந்த காரைப் பற்றி உச்ச நீதிமன்றம் அது பாதுகாப்பான இடைவெளியே அல்ல என்று சொன்னது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்து அடி என்பது கால் நொடி. விரலை ஒருமுறை நொடிப்பதற்குள் முடிந்துவிடும். 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் நெறிமுறைகளும், அதற்கு முன்பிருந்த 1989ஆம் ஆண்டு விதிகளும் முன் வண்டியிலிருந்து போதிய தூரம் விட வேண்டும் என்றே சொல்கின்றன. எத்தனை மீட்டர் என்பது வேகத்தையும் சாலையையும் வண்டியையும் பொறுத்தது என்பதால் அதை ஓட்டுபவரின் கணக்குக்கு விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்குக்கு மீட்டர் தேவையில்லை. முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தையோ கிலோமீட்டர் கல்லையோ பாலத்தின் நிழலையோ தாண்டும் அந்தக் கணத்தில் எண்ணத் தொடங்குங்கள். "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அதே கம்பத்தைத் தாண்டிவிட்டால் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். என் பெண் பின் சீட்டில் உட்கார்ந்து எனக்காக எண்ணுவாள், குறைந்தால் "அப்பா, பக்கத்துல போறீங்க" என்று குரல் கொடுப்பாள். லாரிக்கோ பஸ்ஸுக்கோ பின்னால் போனால் அதன் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்த டிரைவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பைக்கில் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. லாரிக்கு முன்னால் இருக்கும் இடம் அந்த டிரைவரின் பிரேக், அதில் நுழையாதீர்கள். முன்னால் நெரிசல் தெரிந்தால் கடைசி வரை ஓட்டிக்கொண்டு போய் அடிக்காமல், முன்கூட்டியே பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுங்கள். பின்னால் உங்களை ஒட்டிக்கொண்டு வருபவர் இருந்தால் அவரோடு போட்டி வேண்டாம், முன்னால் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். நீங்கள் மெதுவாக நிற்க முடிந்தால் அவரும் நின்றுவிடுவார்.

ஐப்பசி மழை தொடங்கும்போது முதல் தூறலில் தாரின் மேல் இருக்கும் தூசியும் எண்ணெயும் குழைந்து வழுக்கும். அந்த நாட்களில் ஆயிரத்து நான்கு வரை எண்ணுங்கள்.